மலிவு ஒயினுக்கு ஏற்ற நாக்கு

அந்த ஊரில் விலை உயர்ந்த ஒயினை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மலிவான ஒயினுக்குத்தான் தகுதி வேண்டும். இது தெரியாமல் கடைப்படி ஏறியதுதான் லிஃப்ட் மெக்கானிக் செய்த முதல் தவறு.

கடையில் மேல்தட்டுப் பாட்டில்கள் மெத்தென்ற துணியில் பிறந்த குழந்தைகள் போலப் படுத்திருந்தன. கீழ்த்தட்டுக்குக் கம்பிக் கதவு போட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டும் தொங்கவிட்டிருந்தார்கள்.

"கீழ இருக்கிறது என்ன விலைங்க? மக கல்யாண வரவேற்புக்கு."

"விலையை விடுங்க. சான்றிதழ் இருக்கா?" என்றார் கடைக்காரர்.

"என்ன சான்றிதழ்?"

"மழுங்கல் சான்றிதழ். உங்க நாக்குக்கு ருசி தெரியாதுன்னு வாரியம் எழுதிக் குடுக்கணும். அது இல்லாம அந்தப் பூட்டைத் திறந்தேன்னா என் கடைக்குப் பூட்டுப் போட்டுடுவாங்க."

"அப்ப மேல இருக்கிறது?"

"அதுக்கென்ன, பணம் இருந்தா போதும். நாக்கே இல்லாதவங்ககூட அள்ளிட்டுப் போறாங்க."

ஊரின் சுவையைக் காப்பதற்காக ஏற்பட்டது சுவைத் தகுதி வாரியம். ருசி அறிந்தவன் மலிவு ஒயினைக் குடித்தால் அவன் நாக்கு கெடும். ஒரு நாக்கு கெட்டால் பக்கத்து நாக்கும் கெடும். இப்படியே போனால் ஒருநாள் ஊரே ஒயினைத் தாகத்துக்குக் குடிக்க ஆரம்பித்துவிடும் என்று வாரியம் அஞ்சியது. ருசி அறியாதவன் குடித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆகவே ஏழைகள் தங்கள் நாக்கு மழுங்கியது என்று நிரூபித்துவிட்டு மலிவாக வாங்கிக்கொள்ளலாம். பணக்காரர்களின் நாக்கைப் பற்றி வாரியம் கவலைப்பட்டதில்லை. பணம் சேரச் சேர நாக்கு தானே கூர்மையாகும் என்பது அதன் உறுதியான நம்பிக்கை.

ஒயின் இல்லாமலே கல்யாணத்தை நடத்திவிடலாமே என்று கேட்கலாம். மண்டபக்காரன் விட வேண்டுமே. எந்த ஒயின் என்று வாரியம் முத்திரை குத்தினால்தான் அவன் தேதியே கொடுப்பான். லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தேதிதான் பெரிய கவலை. அவர் மனைவி நோயில் விழுந்து ஒரு கோடை கடந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் தன் வீட்டுக்கு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். அதில் பாதிச் செங்கல் இவர் காசு. போன முறை டாக்டர் ஃபைலை மூடிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு கல்யாணத்தைத் தள்ளிப் போடாதீங்க." அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் "தேறிடும், தேறிடும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மனைவியோ வரவேற்புக்கென்று செருப்பு வாங்கிவிட்டாள். கரும்பச்சை நிறம், சின்னக் குதிகால். மாலையானால் கால் வீங்குகிறது என்று ஓர் அளவு பெரிதாக எடுத்திருந்தாள். புதுச் செருப்பு கடிக்கும் என்று தினமும் போட்டுக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து பழக்கினாள்.

"செருப்பு ரெடி. நான் ரெடி. மண்டபம்தான் ரெடியில்ல" என்றாள் கணவரிடம். "ஊர்ல ஒரு வரவேற்பு விடாம குடிச்சிட்டு வந்திருக்கோம். நம்ம வீட்டு விசேஷத்துல சீக்கிரம் ஏதாவது ஊத்த வழி பாருங்க."

வாரியம் இருந்தது மூன்றாவது மாடியில். லிஃப்ட் ஓடவில்லை. கதவில் 'தங்கள் பொறுமைக்கு வாரியத்தின் பாராட்டுகள்' என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டையின் ஓரங்கள் பழுத்துச் சுருண்டிருந்தன.

லிஃப்ட் மெக்கானிக் கதவைக் கையால் லேசாக அசைத்துப் பார்த்தார். பல் வைத்தியரால் எதிரில் இருப்பவர் பல்லைப் பார்க்காமல் இருக்க முடியாது. அதுபோல ஒரு பழக்கம்.

"கதவு சுவிட்சுல அழுக்கு. அவ்வளவுதான். நானே துடைச்சு விட்டுடறேனே" என்றார்.

காவலாளி பதறிப்போனான். "கையை எடுங்க ஐயா! நீங்க மனுதாரரா?"

"மனு குடுக்கத்தான் வந்திருக்கேன்."

"அப்ப தொடக்கூடாது. மனுதாரர் வாரியத்துக்கு ஒரு நல்லது பண்ணினா அது லஞ்சம். விதி இருக்கு. போன வருஷம் ஒருத்தர் குழாயை இறுக்கி மூடினதுக்கே மனுவைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க."

படியேறினார்.

மேலே நீளமான ஒரு கூடம். மெழுகு போட்டுத் தேய்த்த தரை. அதன் வாசனையோடு புளித்த வாசனையும் கலந்திருந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் உறுப்பினர்கள், சுவைத்த ஒயினைத் துப்ப ஆளுக்கொரு பித்தளைப் பாத்திரத்துடன். நடுவில் தலைவர். ஊரில் அவருக்குப் பெரிய நாக்கு என்று பெயர். தண்ணீர் கேட்பதைக்கூட மேடைத் தமிழில்தான் கேட்பார். பக்கத்தில் செயலாளர், சின்ன நாக்கு. பெரிய நாக்கு சொல்வதைச் சின்ன நாக்கு எழுதுவார். எழுதியதைப் பெரிய நாக்கு படித்துப் பார்த்து, எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறோம் என்று வியப்பார்.

இரண்டு கோப்பை வைத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் இரண்டையும் குடித்தார். உண்மையைச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். லிஃப்ட் விஷயத்தில் பொய் சொன்னால் ஆள் செத்துவிடுவான்.

"இது கொஞ்சம் புளிக்குதுங்க. அது பரவாயில்ல."

சின்ன நாக்கு மணியடித்தார். பெரிய நாக்கு எழுந்து நின்று கைநீட்டினார்.

"வாழ்த்துகள்! உமக்கு வாய்த்திருப்பது நடுத்தர நாக்கு! இனிமேல் கீழ்த்தட்டு ஒயின் உமது நாவில் பட்டால் அது குற்றம்!"

"ஐயா, எனக்கு அதுதாங்க வேணும். மேல்தட்டு வாங்க வசதி இல்லீங்க."

"வசதி என்பது வெளியே இருக்கும் நோய். சுவை என்பது உள்ளே இருக்கும் உடல்நலம். நாங்கள் உமது உடல்நலத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம். நன்றி சொல்லிவிட்டு இறங்கும்."

நன்றி சொல்லிவிட்டு இறங்கினார்.

வீட்டில் மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவியின் தம்பி அவன், டாக்சி ஓட்டுகிறான். உலகத்தில் எதையும் குறுக்குச் சந்து வழியாகப் போய்ப் பிடித்துவிடலாம் என்று நம்புகிறவன்.

"ஏன் மாமா, ஊரே மார்க் வாங்கத் தவம் கிடக்குது. உங்களை ஃபெயில் ஆகச் சொல்லி அனுப்பினா பாஸ் ஆயிட்டு வந்து நிக்கிறீங்க!"

"நல்லா இருக்கிறதை நல்லா இல்லைன்னு எப்படிடா சொல்றது?"

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் அக்கா சமையலுக்கு என்ன சொன்னீங்களோ, அதையே அங்கயும் சொல்லுங்க."

"உன் கல்யாணத்துக்கு நான்தான்டா சமைக்கப் போறேன். அன்னைக்கு இருக்கு உனக்கு" என்றாள் அவன் அக்கா படுக்கையிலிருந்து.

மறுமுறை லிஃப்ட் மெக்கானிக் கொதிக்கக் கொதிக்க டீயைக் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டு போனார். எந்தக் கோப்பையை நீட்டினாலும் "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்பதற்கு மேல் பேசுவதில்லை என்று முடிவு.

பெரிய நாக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூடியபடியே பேசினார்.

"உறுப்பினர்களே, கவனியுங்கள். ஒன்றும் தெரியாதவன் சும்மா இருக்க மாட்டான். பூவாசம் என்பான், மரவாசம் என்பான், மழை பெய்த மண் என்பான். வாய் ஓயாது. நானே இந்தப் பதவிக்கு வந்த நாள் முதல் ஒரு கணம் ஓய்ந்திருக்கிறேனா? இவரோ ஒரே சொல்லில் நிறுத்திக்கொள்கிறார். இந்த அடக்கம் நுட்பமான நாக்குக்கே உரியது."

சின்ன நாக்கு எழுதினார்: 'மேல்நடுத்தரம்.'

"இன்னும் ஒரு தடவை போனீங்கன்னா உங்களையும் மேசைக்குப் பின்னால உட்கார வச்சிருவாங்க மாமா" என்றான் மைத்துனன். இம்முறை அவன் சிரிக்கவில்லை. ஒயின் கடைக்காரரிடம் போய் விசாரித்துக்கொண்டு வந்திருந்தான். பெண்ணின் தகப்பன் தேறாவிட்டால் தாய் வந்து நாக்கைக் காட்டலாம். வீட்டில் ஒரு நாக்கு மழுங்கியிருந்தால் விசேஷம் முழுவதற்கும் போதும்.

அவன் அதைச் சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். அவளுக்கு மருந்தினால் நாக்கு செத்துப்போய் மாதங்கள் ஆயிற்று. உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது.

"அட, இந்த நோவுல ஒரு பிரயோஜனமும் இருக்குதா!" என்று எழுந்து உட்கார்ந்தாள் அவள். "அந்தச் செருப்பை எடுங்க. படியேறிப் பழக்கினா இன்னும் நல்லா நெகிழும்."

படிகளில் அவள் நிற்கிற இடமெல்லாம் அவரும் நின்றார். கம்பிக் கதவு வழியாக லிஃப்டின் கயிறு தெரிந்தது. எண்ணெய் போட்டு, நன்றாக, எந்தக் குறையுமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காவலாளி கீழிருந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் கோப்பை மேல்தட்டு. குடித்தாள்.

"எப்படி இருக்கிறது அம்மையே?"

"ஈரமா இருக்கு."

இரண்டாவது கீழ்த்தட்டு.

"இதுவும் ஈரமாத்தான் இருக்கு."

மூன்றாவதில் சின்ன நாக்கு ஜன்னல் துடைக்கிற வினிகரை ஊற்றிக் கொடுத்தார். லிஃப்ட் மெக்கானிக் பெஞ்சிலிருந்து எழுந்தார். அதற்குள் அவள் குடித்துவிட்டாள். முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை.

"இது கொஞ்சம் ஜில்லுனு இருக்கு. மத்தபடி ஈரம்."

கடைசி உறுப்பினர் தன் துப்பல் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து அவள் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். பெரிய நாக்குக்குக் குரல் தழுதழுத்தது.

"எத்தனை ஏழைகள் வந்தார்கள்! எல்லோர் நாவிலும் ஏதோ ஓர் ஆசை ஒட்டிக்கொண்டிருந்தது. இது துடைத்து வைத்த பலகை. இப்படி ஒரு நாக்குக்காகத்தான் இந்த வாரியமே காத்திருந்தது!"

"அப்ப சான்றிதழ் குடுத்துடுவீங்களா?" என்றாள் அவள்.

சின்ன நாக்கு பேனாவை உயர்த்தினார். "ஒரு சின்னச் சந்தேகம். மனுதாரரின் மழுங்கல் நோயினால் வந்ததுன்னு தெரியுது. நோய் போயிடுச்சுன்னா? நாளைக்கு உடம்பு தேறி, ருசி திரும்பி, அந்த நேரம் பார்த்து வீட்டுல ஒரு பாட்டில் மிச்சம் இருந்தா? அதுக்கு யார் பொறுப்பு?"

உறுப்பினர்கள் தலையசைத்தார்கள். அவள் தேறிவிடுவாளோ என்ற கவலை மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பரவியது.

டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தார்கள்.

"இவங்களுக்கு ருசி திரும்புமா, திரும்பாதா? அதை மட்டும் சொல்லுங்க டாக்டர்."

"யாரு பேசுறீங்க? ஒயினா? நான் அவங்க வீட்டுக்காரர்கிட்ட தனியா பேசிக்கிறேனே."

"தனியாப் பேசினா பதிவாகாது. திரும்புமா?"

டாக்டர், "மருந்தை நிறுத்தி நிறைய மாசம் ஆனா திரும்பலாம்" என்றார். "ஆனா..."

"ஆனா?"

"அவங்களுக்கு அவ்வளவு மாசம் இல்லீங்க."

"மீள வாய்ப்பில்லை!" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார் சின்ன நாக்கு. உறுப்பினர்கள் மேசையைத் தட்டினார்கள். முதலில் மெதுவாகத் தொடங்கி, பிறகு தாளம் சேர்ந்துகொண்டது.

லிஃப்ட் மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகில் அவர் முகமே தெரிந்தது. அதையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"இப்பவாவது குடுப்பீங்களா?" என்றாள் அவள் மறுபடி.

இறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்தாள். அவரும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார்.

"நீங்க ஏன் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு வர்றீங்க? எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லணுமா? என் தம்பி என்னைக்கு என்கிட்ட சண்டை போடுறதை நிறுத்தினானோ அன்னைக்கே தெரியும். நீங்க வேற குழம்பு நல்லா இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சீங்க." செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டாள். "அவங்க நேரா கேட்டாங்க, டாக்டர் நேரா சொன்னாரு. நம்ம வீட்டுல அது ஒருத்தருக்கும் வரலையே. எந்திரிங்க, இன்னும் ரெண்டு மாடி இருக்கு."

சான்றிதழ் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். வாரியத்துக்கோ அவளை அவ்வளவு எளிதில் விட மனம் வரவில்லை. இப்படிப்பட்ட நாக்கைக் கதவிடுக்கு வழியாக ஒரு தாளைக் கொடுத்து அனுப்புவது வாரியத்துக்கே அவமானம். ஆண்டு விழா மேடையில்தான் கொடுக்க வேண்டும் என்று பெரிய நாக்கு தீர்மானம் கொண்டுவந்தார். அதுவரை வாரியத்தின் அடிநிலை நாக்காக அவளே அமர வேண்டும். வருகிற மனுதாரர்களை அவளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். வராவிட்டால் மனு காலாவதி.

அவள் வந்தாள். வாரத்துக்கு வாரம், படிக்குப் படி.

ஒருநாள் ஒரு தபால்காரர் வந்தார். தங்கை கல்யாணமாம். கீழ்த்தட்டு ஒயினை ஒரு வாய் குடித்ததும் வெயிலில் நடந்து வந்த மனிதர் தன்னை மறந்து "ஆ" என்றுவிட்டார்.

"அதோ அந்த அம்மாவைப் பாரும்! ஏதாவது சத்தம் போட்டார்களா? சந்தோஷப்பட்ட நாக்குக்குச் சலுகை கிடையாது. அடுத்தவர்!" என்றார் பெரிய நாக்கு.

வெளியேறும்போது தபால்காரர் அவள் நாற்காலி அருகே குனிந்தார். "நல்லா இருங்கம்மா. உங்களால ஒரு கல்யாணம் நின்னுபோச்சு."

அடுத்து வந்தவருக்காவது உதவலாம் என்று அவள் கோப்பையை வாயில் வைத்ததும் முகத்தைச் சுளித்துப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் நடிக்கத் தெரியாதவளுக்கு அதுவும் வரவில்லை. சின்ன நாக்கு, 'அடிநிலைக்குச் சற்றுச் சோர்வு. காற்றோட்டம் தேவை' என்று எழுதி ஒரு ஜன்னலைத் திறந்துவைத்தார்.

ஆண்டு விழா வந்தது. மண்டபக்காரன் முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டுத் தேதி தருவதாகச் சொல்லியிருந்தான். மகள் தானும் வருவேன் என்று அடம்பிடித்தாள். "நீ மண்டப வாசல்ல போய் நில்லு. சான்றிதழ் வந்ததும் முத தேதியைப் பிடிச்சிடணும். இன்னொருத்தி பிடிச்சிடப் போறா" என்று அம்மா அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு மைத்துனனும் லிஃப்ட் மெக்கானிக்கும் அவளை ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் ஏற்றினார்கள். "தூக்கிட்டுப் போறேன்க்கா" என்றான் தம்பி. "போடா. செருப்பு எதுக்கு வாங்கினேன்?" என்றாள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் அதே மாதிரிப் பழுத்த ஓர் அட்டை அவள் பொறுமையைப் பாராட்டியது.

மேடையில் அவளுக்குப் பட்டுறை போட்ட நாற்காலி. முன்னால் சிறு மேசை, அதில் ஒரு கோப்பை. குடும்பத்தார் கடைசி பெஞ்சில். பெரிய நாக்கு பேசத் தொடங்கினார்.

"அன்பர்களே! மக்கள் எங்களைக் கேட்கிறார்கள்: ஏழைக்கும் நல்ல ஒயின் கொடுத்தால் என்ன என்று. கொடுக்கலாம். கொடுத்தால் அவன் அதை விரும்பிவிடுவானே! விரும்பினால் மறுபடி கேட்பானே! நல்லதைக் காட்டிவிட்டுப் பறிப்பது கொடுமை அல்லவா? ஆகவே காட்டாமலே இருக்கிறோம். இதைவிடக் கருணை எங்கே உண்டு?"

கைதட்டல்.

"இந்த அம்மையாரைப் பாருங்கள். வந்த நாள் முதல் எதையும் கேட்டதில்லை, எதையும் ரசித்ததில்லை. இவர் போல எல்லோரும் ஆகிவிட்டால் இந்த வாரியத்துக்கு வேலையே இருக்காது. ஆனாலும் நாங்கள் இருப்போம். ஏனெனில் எங்களுக்கு வேறு வேலை தெரியாது!"

அதற்கும் கைதட்டினார்கள்.

அப்போதுதான் லிஃப்ட் மெக்கானிக் பார்த்தார். அவள் வலது கால் செருப்பு மெல்ல நழுவியது. குதிகால் தரையில் பட்டு, பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் குனிந்து அதை எடுக்கவில்லை. அவள் அப்படி விடுகிறவள் இல்லை.

எழுந்தார்.

"உட்காருங்க, தலைவர் பேசுறார்" என்று யாரோ சட்டையைப் பிடித்தார்கள். சட்டை கிழிந்தது. வரிசைகளுக்கு நடுவே நடந்தார்.

"பாருங்கள் அந்த முகத்தை!" என்று மேடையில் குரல் ஏறிக்கொண்டிருந்தது. "இத்தனை புகழ்ச்சிக்கு நடுவிலும் ஓர் அசைவு உண்டா? இதுவல்லவா மழுங்கல்!"

கூடமே எழுந்து நின்று கைதட்டியது. மேடையேறி வந்த கணவரைக் கண்டதும், சான்றிதழ் வாங்க வருகிறார் என்று பெரிய நாக்கு நினைத்துக்கொண்டார். பாதி வழியில் மறித்து, கையைப் பிடித்துக் குலுக்கி, தங்க விளிம்பிட்ட தாளைக் கையில் திணித்து, அவரைப் படமெடுப்பவர் பக்கம் திருப்பினார். வெளிச்சம் வெட்டியது. ஒருமுறை சரியாக விழவில்லை என்று இன்னொரு முறையும் எடுத்தார்கள்.

அதன்பிறகே அவரால் அவளிடம் போக முடிந்தது. அவள் கை இன்னும் சூடாக இருந்தது. கோப்பை நிறைந்தபடியே இருந்தது.

விஷயம் பரவியதும் கூடத்தில் மரியாதையான ஒரு சலசலப்பு. உறுப்பினர்கள் துப்பல் பாத்திரங்களை மேசைக்கடியில் மறைத்தார்கள். சின்ன நாக்கு அருகே வந்து தாழ்ந்த குரலில், "நல்லவேளை, குடுத்தப்புறம்தான்" என்றார்.

மைத்துனன் அக்காவின் காலடியில் உட்கார்ந்து அந்தச் செருப்பை மறுபடி மாட்டிவிடப் பார்த்துக்கொண்டிருந்தான். மாட்ட மாட்ட அது நழுவியது.

லிஃப்ட் மெக்கானிக் வெளியே நடந்தார். லிஃப்ட் கதவை இரு கையாலும் விலக்கினார். காவலாளி ஓடிவந்தான், பின்னாலேயே சின்ன நாக்கும். தடுக்கப்போன காவலாளியின் தோளைச் சின்ன நாக்கு தொட்டு நிறுத்தினார். விதி என்றால் விதி. அதில் அவர் கறாரானவர்.

"விடு. சான்றிதழ் கைக்கு வந்தாச்சு. இவர் இப்ப மனுதாரர் இல்லை. நல்லது பண்ணலாம்."

கதவு சுவிட்சை ஒரு கைக்குட்டையால் துடைத்தார். அவ்வளவுதான். பெட்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. நாற்காலியோடு அவளைத் தள்ளிக்கொண்டு இருவரும் உள்ளே போனார்கள். மூன்று மாடியும் அவள் உட்கார்ந்தபடி இறங்கினாள்.

நாற்காலி வாரியத்தின் சொத்து என்பதால் காவலாளி கூடவே வந்து, டாக்சியில் ஏற்றியதும் அதைத் திருப்பி எடுத்துப் போனான். லிஃப்டின் அடுத்த நடையில் பெரிய நாக்கு இறங்கினார். "எத்தனை மென்மையாக இறங்குகிறது!" என்று வியந்ததாகச் சொல்கிறார்கள்.

துக்கம் ஆறவில்லை; ஆனால் அவள் ஆசைப்பட்ட கல்யாணம் நின்றுவிடக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டாரே சொன்னார்கள். மைத்துனனுக்கு ஒரு பயம்: ஆள் போனால் சான்றிதழும் போய்விடுமோ? வாரியத்துக்கு நடந்தான். சின்ன நாக்கு விதிகளை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு முகம் மலர்ந்தார்.

"போகாது. மத்த சான்றிதழுக்கெல்லாம் வருஷா வருஷம் நாக்கைச் சோதிக்கணும், ருசி திரும்பியிருக்கான்னு. இதுக்கு அந்தக் கவலையே இல்லை. இவ்வளவு உறுதியான சான்றிதழை வாரியம் இதுவரைக்கும் குடுத்ததில்லை."

ஒரு நிபந்தனை மட்டும். தகப்பனாருடையது மேல்நடுத்தர நாக்கு என்று பதிவாகியிருக்கிறது. வரவேற்பில் அவர் கீழ்த்தட்டு ஒயினைக் குடித்து, அது அவருக்குப் பிடித்திருப்பதாகத் தெரிந்தால், அத்தனை பாட்டிலையும் அங்கேயே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பார்வையிடச் சின்ன நாக்கே வருவார்.

வந்தார். முதல் வரிசையில், மேடைக்கு நேரெதிரே உட்கார்ந்துகொண்டார்.

கம்பிக் கதவைத் திறந்து கடைக்காரர் தன் கையாலேயே இறக்கித் தந்த ஒயின் கோப்பை கோப்பையாகச் சுற்றியது. விருந்தினர்கள் குடித்தார்கள், சத்தமாகப் பேசினார்கள், அவளைப் பற்றி மெதுவாகப் பேசினார்கள். மகள் அம்மாவின் பச்சைச் செருப்பைப் போட்டிருந்தாள். அளவு பெரிது; முனையில் பஞ்சு அடைத்திருந்தாள். அப்படியும் நடக்கும்போது குதிகால் டக், டக்கென்று ஒரு கணம் பிந்திக் கேட்டது. அடுப்படிக்கும் கூடத்துக்கும் இடையில் கேட்ட அதே சத்தம்.

"அப்பா, நீங்க எடுக்கலையா?" என்று ஒரு கோப்பையை நீட்டினாள்.

மறுக்க முடியவில்லை. வாங்கிக்கொண்டார். சின்ன நாக்கு நாற்காலியை விட்டு எழுந்து வந்து, கை எட்டும் தூரத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்தார். மைத்துனன் பாட்டில்களுக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், ஏதோ அவற்றைக் காப்பாற்ற முடியும் என்பது போல.

ஒரு வாய் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் சின்ன நாக்கு.

லிஃப்ட் மெக்கானிக் கொஞ்சம் யோசிப்பது போல இருந்தார்.

"ஈரமா இருக்கு."

சின்ன நாக்கு இன்னும் நெருங்கி வந்து, புருவம், கன்னம், உதட்டோரம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கும் எதுவும் இல்லை. திருப்தியோடு தோளில் தட்டினார்.

"துக்கம் உங்க நாக்கை நல்லாவே மழுக்கிடுச்சு. முன்னாடியே இப்படி வந்திருந்தீங்கன்னா அம்மாவைப் படியேற விட்டிருக்க வேண்டியதில்லை."

குறிப்பு எழுதிக்கொண்டு, தனக்கும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு போனார்.

ஒயின் நன்றாக இருந்தது. முதலில் லேசான புளிப்பு, அடியில் திராட்சைத் தோலின் ஒரு துவர்ப்பு, விழுங்கிய பிறகும் நாக்கில் தங்கி நிற்கிற ஏதோ ஒன்று. முகம் மாறாமல், கடைசிச் சொட்டு வரை குடித்தார்.